கொறடாவும் மணியும்

2011 டிசம்பர் 29. மாநிலங்களவையில் ஊழல் விசாரணைக்கான லோக்பால் மசோதா. இரண்டு நாள் முன்புதான் மக்களவை அதை நிறைவேற்றி அனுப்பியிருந்தது. பகலில் தொடங்கிய விவாதம் இரவு பதினொரு மணியைத் தாண்டியும் ஓடியது. உறுப்பினர்கள் கொடுத்திருந்த திருத்தங்கள் மட்டும் 187. பதிலளித்துக்கொண்டிருந்த இணை அமைச்சர், புதுச்சேரிக்காரரான நாராயணசாமியின் கையிலிருந்த தாள்களை ராஷ்ட்ரிய ஜனதா தள உறுப்பினர் ஒருவர் பிடுங்கிக் கிழித்து வீசினார். ஒரே கூச்சல். நள்ளிரவில் அவைத் தலைவர் ஹமீது அன்சாரி வாக்கெடுப்பே நடத்தாமல் அவையைக் காலவரையறையின்றி ஒத்திவைத்தார். நாடாளுமன்றத்துக்கே தலைகுனிவு என்று பேசப்பட்ட இரவு அது.

2020 செப்டம்பர் 23. அதே அவை. தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மூன்று விவாதத்துக்கு வந்தன. எதிர்க்கட்சி வரிசைகள் காலியாகக் கிடந்தன. எட்டு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்ததைக் கண்டித்து அவர்கள் அவையைப் புறக்கணித்திருந்தார்கள். கூச்சலும் இல்லை, கிழிந்த காகிதமும் இல்லை. மூன்று மசோதாக்களும் அன்றே நிறைவேறின. அதற்கு முந்தைய நாள் மட்டும் ஏழு மசோதாக்கள் நிறைவேறியிருந்தன. அந்தக் கூட்டத்தொடரில் அவையின் ‘உற்பத்தித் திறன்’ நூறு சதவீதத்தைத் தாண்டியதாக அவையின் கணக்கு சொன்னது.

இந்த இரண்டில் எது பயனுள்ள நாள்?

பின்னால் நடந்ததைப் பார்த்தால் பதில் தலைகீழாகிறது. கூச்சலில் முடிந்த லோக்பால் மசோதாவை 2012 மே மாதம் மாநிலங்களவை தன் தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. நவம்பரில் அறிக்கை வந்தது. மாநிலங்களின் லோக் ஆயுக்தா எப்படி அமைய வேண்டும் என்பதையும் டெல்லியே வகுத்துவிடும் ஏற்பாடுதான் மாநிலக் கட்சிகளை உறுத்திய முள். அது எடுக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு மாநிலச் சட்டமன்றங்களிடமே விடப்பட்டது. 2013 டிசம்பர் 17 அன்று மாநிலங்களவை திருத்திய மசோதாவை நிறைவேற்ற, மறுநாள் மக்களவையும் ஒப்புக்கொண்டது. அமைதியாக நிறைவேறிய தொழிலாளர் சட்டங்களோ நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. அவற்றின் முந்தைய வடிவங்களை நிலைக்குழு பார்த்திருந்தது உண்மை. ஆனால் மாற்றி எழுதிய புதிய மசோதாக்கள் மக்களவையில் அறிமுகமானது செப்டம்பர் 19, மாநிலங்களவையைக் கடந்தது 23. ஐந்து ஆண்டு ஆறப்போட முடிந்த சட்டத்துக்கு அன்று ஐந்து முழு நாள்கூட ஒதுக்க முடியாமல் போனது ஏன்?

மேலவை விவாதத்தை எப்படிப் பயனுள்ளதாக்குவது என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அளவுகோல் எது?

‘உற்பத்தித் திறன்’ என்று அவைச் செயலகம் வெளியிடும் சதவீதம், அவை உட்காரத் திட்டமிட்ட நேரத்தையும் உட்கார்ந்த நேரத்தையும் வகுத்துக் கிடைப்பது. நெசவாலையில் தறி ஓடிய மணிநேரத்தை எண்ணிவிட்டு, துணி வந்ததா என்று பார்க்காமல் போவதைப் போன்றது. எதிர்க்கட்சி வெளியே நிற்கும் அவையில் இந்தச் சதவீதம் ஏறும். கேள்வி கேட்க ஆள் இல்லாததால் வேகமும் கூடும். ஒரு நோய் முற்ற முற்ற உடல்நலக் குறியீடு உயர்கிறது என்றால் கோளாறு கருவியில் இருக்கிறது.

அவைக்கென்று வைத்த வேலையிலிருந்துதான் அளவுகோலை எடுக்க வேண்டும். 1947 ஜூலையில் அரசியல் நிர்ணய சபையில் இரண்டாவது அவை எதற்கு என்று விளக்கியவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த என். கோபாலசாமி ஐயங்கார். முக்கியப் பிரச்சினைகளில் கண்ணியமாக விவாதிப்பது, அந்தந்த நேரத்து உணர்ச்சி வேகத்தில் பிறக்கும் சட்டங்களைச் சற்றே தாமதப்படுத்துவது என்று இரண்டு வேலைகளை அவர் சொன்னார். அரசமைப்புச் சட்டமும் அதற்கேற்பவே இந்த அவைக்கு அதிகாரத்தை அளந்து கொடுத்தது. அமைச்சரவை பொறுப்பு சொல்வது மக்களவைக்கு மட்டும். மாநிலங்களவையால் அரசைக் கவிழ்க்க முடியாது. பண மசோதா என்றால் 14 நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். அது சொல்லும் பரிந்துரைகளைக் கீழவை ஏற்கலாம், தள்ளலாம். 2016 மார்ச்சில் ஆதார் மசோதாவுக்கு மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்து அனுப்பியது. மக்களவை அன்றைக்கே ஐந்தையும் தள்ளிவிட்டது. அரசமைப்புத் திருத்தம் அல்லாத மற்ற மசோதாக்களில் இரு அவையும் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். அப்படி நடந்தது 1961, 1978, 2002 என மூன்றே முறை.

ஆக, கவிழ்க்கும் அதிகாரம் இல்லாத அவை இது. அதன் கையில் இருப்பது யோசிக்க வைக்கும் வேலை ஒன்றுதான். அதனால் மூன்று கேள்விகளை அளவுகோலாக வைக்கிறேன். விவாதத்தால் சட்டத்தின் வாசகம் மாறியதா? அரசு பதில் சொல்லியே தீர வேண்டிய நிலை வந்ததா? யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு எழுத்தில் சாட்சி மிஞ்சியதா? மூன்றில் ஒன்றாவது ஆம் என்றால் அன்றைய கூச்சலை மன்னிக்கலாம். மூன்றும் இல்லை என்றால் அன்றைய அமைதியால் யாருக்கும் லாபமில்லை.

ஒரு சொல் மாறிய கதை

இந்த அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்கும் நிகழ்வு சரக்கு மற்றும் சேவை வரிக்கான (ஜிஎஸ்டி) அரசமைப்புத் திருத்தம். 2015 மே மாதம் மக்களவை நிறைவேற்றிய அந்த மசோதாவை மாநிலங்களவை தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. குழுவின் தலைவர் ஆளும் பாஜகவைச் சேர்ந்த பூபேந்தர் யாதவ். மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்புக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஈடு ‘வழங்கலாம்’ என்பது முதல் மசோதாவின் வாசகம். கடைசியில் நிறைவேறிய மசோதாவில் அது ஐந்தாண்டுகளுக்கு ‘வழங்க வேண்டும்’ என்று ஆனது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்குக் கூடுதலாக ஒரு சதவீத வரி என்ற பிரிவு நீங்கியது. வரி உச்சவரம்பை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்ற காங்கிரஸின் கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. கொடுக்கல் வாங்கல் என்றால் அப்படித்தான் இருக்கும்.

2016 ஆகஸ்ட் 3 அன்று ஆதரவு 203, எதிர்ப்பு பூஜ்யம். மாநிலத்தின் நிதி உரிமை பறிபோகிறது என்று வாதாடிய அதிமுக வெளிநடப்புச் செய்தது. நான்கு ஆண்டு கழித்து, கொரோனாவில் வரி வருவாய் சரிந்து, ஈட்டுத்தொகையை யார் தலையில் கட்டுவது என்று டெல்லி தயங்கியபோது, மாநிலங்கள் பிடித்துத் தொங்கியது அந்த ‘வேண்டும்’ என்ற சொல்லைத்தான். மேலவை விவாதம் ஒரு மாநிலத்தின் கஜானாவை எட்டுவது இப்படித்தான்.

இதே தரத்தில் விவாதம் எப்போதும் நடக்க என்ன வழி? வழக்கமாகச் சொல்லப்படும் மருந்துகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

ஒழுங்கு

முதல் மருந்து, கட்டுப்பாடு. அமளி செய்பவர்களை வெளியே அனுப்பினால் மற்றவர்கள் நிம்மதியாகப் பேசலாம் என்பது இதன் நியாயம். இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2010 மார்ச்சில் பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதாவை மறித்த ஏழு பேரை இடைநீக்கம் செய்துதான் 186க்கு 1 என்று அவையால் நிறைவேற்ற முடிந்தது. ஒரு சிறு குழு, மற்ற எல்லாரும் பேச விரும்பும் அவையை முடக்கும்போது இது தேவைப்படலாம்.

ஆனால் 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் இடைநீக்கம் ஆனவர்கள் 146 பேர். அதில் மாநிலங்களவையினர் 46. அவர்கள் கேட்டது, நாடாளுமன்றத்துக்குள் நடந்த பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தர வேண்டும் என்பது. கேட்டவர்கள் வெளியே போனார்கள், கேள்வி அப்படியே கிடந்தது. டிசம்பர் 21 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்டங்களுக்கு மாற்றான மசோதாக்கள் மாநிலங்களவையில் நிறைவேறின. ஒன்றரை நூற்றாண்டு பழைய சட்டத்தை மாற்றும் நாளில் எதிர்வரிசையில் பெரும்பகுதி இல்லை. என் மூன்று கேள்விகளில் இரண்டாவதை இந்த மருந்து நேரடியாகவே கொல்கிறது. எப்போதாவது தேவைப்படும் அறுவைக் கத்தி இது. அதைத் தினசரி உணவோடு பரிமாறக் கூடாது.

நேரம்

இரண்டாவது மருந்து, கூடுதல் நாள், கூடுதல் நேரம். முதல் மக்களவைக் காலத்தில் ஆண்டுக்குச் சராசரி 130 நாளுக்கு மேல் கூடிய நாடாளுமன்றம், பதினேழாவது மக்களவைக் காலத்தில் சராசரி 55 நாளுக்கு வந்துவிட்டது. இந்தச் சரிவை யாரும் நியாயப்படுத்த முடியாது.

நேரப் பஞ்சத்தின் கொடுமை அவைக்குறிப்பை வாசித்தால்தான் புரியும். மாநிலங்களவையின் சொல்லுக்குச் சொல் பதிவை வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பக்கத்துக்குப் பக்கம் அடைப்புக்குறிக்குள் இரண்டு குறிப்புகள் வந்துகொண்டே இருக்கும்: ஒன்று ‘குறுக்கீடுகள்’, இன்னொன்று ‘நேர மணி ஒலிக்கிறது’. கட்சியின் எண்ணிக்கைக்கு ஏற்ப நேரம் பிரிக்கப்படுவதால், சிறிய கட்சிக்காரருக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம். முதல் நிமிடம் வணக்கத்துக்கும் தலைவருக்கு நன்றி சொல்லவும் போய்விடும். இரண்டாவது நிமிடத்தில் விஷயத்துக்கு வருவார். ‘மூன்றாவது அம்சம் என்னவென்றால்’ என்று வாயெடுக்கும்போது மணி அடிக்கும். மூன்றாவது அம்சம் அவைக்குறிப்பில் ஏறாமலே போய்விடும். தமிழில் பேச நினைப்பவருக்கு இன்னொரு சிக்கல்: மொழிபெயர்ப்பாளர் ஏற்பாட்டுக்காக முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். 2018 முதல் 22 மொழிகளிலும் பேச வசதி உண்டு என்பது நல்ல செய்திதான். ஆனால் எதிரில் அமைச்சர் சொன்னதற்கு அந்த இடத்திலேயே எழுந்து தமிழில் மறுமொழி சொல்ல இந்த ஏற்பாடு இடம் கொடுப்பதில்லை. விவாதம் என்பதே மறுமொழிதானே? எழுதி வைத்ததை வாசிப்பது சொற்பொழிவு.

ஆகவே நேரம் வேண்டும். ஆனால் நேரம் மட்டும் போதுமா என்பதற்கு 2025 ஏப்ரலில் பதில் கிடைத்தது. ஏப்ரல் 3 காலை 11 மணிக்குக் கூடிய மாநிலங்களவை மறுநாள் அதிகாலை 4 மணி வரை உட்கார்ந்தது. வக்ஃப் திருத்த மசோதா மீது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விவாதம். 128க்கு 95 என்று நிறைவேறியது. அத்தனை மணி நேரத்தில் எதிர்வரிசையின் வாதத்தால் மசோதாவில் ஒரு வரி மாறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ஐந்தாண்டு இஸ்லாத்தைப் பின்பற்றியவர்தான் வக்ஃப் செய்ய முடியும் என்ற நிபந்தனை உள்ளிட்ட சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. நேரம் தாராளமாகக் கிடைத்த பேச்சுக்கும் காது கிடைக்கவில்லை. வாசகத்தைத் தொட்டது நீதிமன்றம்.

விதி 267

மூன்றாவதாக, அன்றைய அலுவலை நிறுத்திவைத்து அவசரப் பிரச்சினையை எடுக்கும் விதி 267. பணமதிப்பிழப்பு அறிவிப்புக்குப் பிறகு, 2016 நவம்பரில் இந்த விதியின் கீழ் விவாதம் தொடங்கியது. அதன் பிறகு எதிர்க்கட்சிகள் கொடுத்த நோட்டீஸ்கள் குவிந்ததுதான் மிச்சம். 2023 ஜூலையில் மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தபோது, 267இன் கீழ்தான் பேசுவோம் என்றது எதிர்வரிசை. குறுகிய கால விவாதத்துக்கான 176இன் கீழ் பேசலாம் என்றது அரசு. எண் பற்றிய சண்டையிலேயே நாள்கள் கரைந்தன.

இதில் இரு தரப்பையும் குறை சொல்லத்தான் வேண்டும். நாட்டின் ஒரு மாநிலமே பற்றி எரியும்போது எந்த விதியின் கீழும் பேசத் தயாராக இருந்திருக்க வேண்டும் எதிர்க்கட்சி. எந்த விதி என்றாலும் எங்களுக்குப் பயமில்லை என்று சொல்லும் துணிவு அரசுக்கு இருந்திருக்க வேண்டும். கணிசமான எண்ணிக்கையில் உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் விவாதம் தானாகவே பட்டியலில் ஏறும் என்று விதியை மாற்றினால் இந்தச் சண்டைக்கு இடமிருக்காது. நல்ல திருத்தம். ஆனால் இது கதவைத் திறக்கும் வேலை மட்டுமே.

குழு

நான்காவது, நிபுணர்கள் அதிகம் பரிந்துரைக்கும் மருந்து: மசோதாவைக் குழுவுக்கு அனுப்புங்கள். பதினைந்தாவது மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. பதினேழாவது காலத்தில் 16. கேமரா இல்லாத அறையில் கட்சிக்காரர்கள் கொஞ்சம் மனிதர்களாக ஆகிறார்கள், அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்க முடிகிறது, பாதிக்கப்படுபவர்கள் வந்து சொல்ல முடிகிறது. லோக்பாலும் ஜிஎஸ்டியும் இதற்குச் சாட்சி.

இங்கேதான் என் கணக்கு இடறுகிறது. வக்ஃப் மசோதாவும் கூட்டுக் குழுவுக்குப் போனது. அங்கே ஏற்கப்பட்ட 14 திருத்தங்களும் ஆளும் கூட்டணி உறுப்பினர்களுடையவை. எதிர்க்கட்சியினரின் திருத்தங்கள் எல்லாம் வாக்கெடுப்பில் தோற்றன. ஒரே மருந்து இரண்டு நோயாளிகளைக் குணப்படுத்தியது, மூன்றாமவரிடம் வேலை செய்யவில்லை என்றால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

தேடினால் காரணம் எளிது. 2012இல் மன்மோகன் சிங் அரசுக்கும், 2015–16இல் மோடி அரசுக்கும் மாநிலங்களவையில் பெரும்பான்மை கிடையாது. ஜிஎஸ்டிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேறு தேவை. அதனால் அரசு காது கொடுத்தது. 2025இல் வாக்கு எண்ணிக்கை முன்பே கையில் இருந்தது. அதனால் காது தேவைப்படவில்லை. அவையின் மேதைமையோ, குழுவின் நடைமுறையோ, பேச்சின் தரமோ அல்ல, முடிவு முன்கூட்டியே தெரியாத நிலைதான் விவாதத்துக்குப் பல் கொடுத்தது. இதை ஒப்புக்கொள்ளாத எந்தச் சீர்திருத்தமும் வெள்ளையடிப்பு வேலைதான்.

அப்படியானால் கேள்வி இப்படி மாறுகிறது: ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும் காலத்திலும், மேலவையில் முடிவு முன்கூட்டியே தெரியாமல் இருக்க வழி உண்டா?

கொறடா

உண்டு. 1985இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகும் என்றது. அதன் நியாயம் அரசுகள் கவிழ்வதைத் தடுப்பது. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் அது பொருந்தும். அரசைக் கவிழ்க்கவே முடியாத மாநிலங்களவைக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்? 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும், 1999இல் சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கையும் அரசின் உயிர் ஊசலாடும் வாக்கெடுப்புகளோடு இந்தத் தண்டனையை நிறுத்திக்கொள்ளச் சொன்னவைதான். அந்த அளவுகோலை மேலவையில் வைத்தால் கொறடாவுக்கு அங்கே கிட்டத்தட்ட வேலையே இல்லை.

கொறடாவின் பிடி தளர்ந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு தமிழ்ச் சாட்சி இருக்கிறது. 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, தனிநபர் மசோதா நேரம். திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா. திரும்பப் பெறுங்கள், நாங்களே சட்டம் கொண்டுவருகிறோம் என்று அமைச்சர் கேட்டார். சிவா விடவில்லை. அவை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் அது கரையேறவில்லை. 2019இல் அரசு கொண்டுவந்த சட்டத்தில் சிவா கேட்ட இடஒதுக்கீடு இல்லை. ஆனால் அந்த ஒரு பிற்பகலில் உறுப்பினர்கள் வாதத்தைக் கேட்டு முடிவெடுத்தார்கள்.

பிரிட்டனின் பிரபுக்கள் அவையிலும் கொறடா உண்டு. அவர் சொல்லை மீறினால் பதவி போகாது. 2021–22 கூட்டத்தொடரில் மட்டும் அரசு அங்கே நூறு முறைக்கு மேல் வாக்கெடுப்பில் தோற்றது. அரசு கவிழவில்லை. மசோதாக்கள் இரு அவைக்கும் இடையே போய்வந்தன. சில திருத்தங்கள் நிலைத்தன, சில உதிர்ந்தன. அங்கே எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாததும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. தேர்தலில் நிற்காத அவை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை அப்படியே பெயர்த்து நட முடியாது.

இதற்கு வலுவான எதிர்வாதம் மாநிலக் கட்சிகளிடமிருந்து வரும். கொறடா இல்லையென்றால் டெல்லியில் இருக்கும் பணமும் விசாரணை அமைப்புகளும் எங்கள் உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கொத்திக்கொண்டு போய்விடும் என்பார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் இன்றைய சட்டம் அதைத் தடுக்கிறதா? 2019 ஜூனில் தெலுங்கு தேசத்தின் ஆறு மாநிலங்களவை உறுப்பினர்களில் நான்கு பேர் பாஜகவில் ‘இணைந்தார்கள்’. மூன்றில் இரண்டு பங்கு இருந்ததால் பதவிக்கு ஆபத்தில்லை. சில்லறையாகத் தாவினால் குற்றம், மொத்தமாகத் தாவினால் இணைப்பு. தாவுவதைத் தண்டிக்கும் பிரிவும், மாற்றி வாக்களிப்பதைத் தண்டிக்கும் பிரிவும் சட்டத்தில் தனித்தனியாகவே இருக்கின்றன. முதலாவதை இறுக்கிவிட்டு, இரண்டாவதை மேலவைக்கு மட்டும் தளர்த்தலாம்.

டிவிஷன்

சுதந்திரம் மட்டும் கொடுத்தால் அது சந்தையாகிவிடும். அதைக் காக்கும் கவசம், ஒவ்வொரு உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு பதிவாகும் டிவிஷன் வாக்கெடுப்பு. தமிழ்நாட்டுக்கு இது பாடப்புத்தகத்தில் வாசித்த விஷயம் அல்ல.

2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா 125க்கு 105 என்று நிறைவேறியது. அதிமுகவின் 11 பேரும் ஆதரவு. அந்தப் பதினொன்று மறுபக்கம் விழுந்திருந்தால் 114க்கு 116. இந்தக் கழித்தல் கணக்கைத் தமிழ்நாட்டில் தேர்தல் மேடை தவறாமல் போட்டுக்காட்டினார்கள். போட முடிந்தது, ஏனென்றால் பதிவு இருந்தது.

2020 செப்டம்பர் 20, வேளாண் மசோதாக்கள். அன்றைய முதல்வர் பழனிசாமி அவற்றை ஆதரித்து அறிக்கை விட்டிருந்தார். அவரது கட்சியின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன் அவையில் அவற்றைக் குறைகூறிப் பேசினார். தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரி திருச்சி சிவா உள்ளிட்டோர் டிவிஷன் கேட்டார்கள். கொரோனாவால் உறுப்பினர்கள் மாடங்களிலும் மக்களவை மண்டபத்திலும்கூடச் சிதறி உட்கார்ந்திருந்த நேரம். மையப்பகுதியில் ஒரே அமளி, விதிப்புத்தகம் கிழிந்தது. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்போடு முடித்தார். இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். சிவா இருக்கையிலிருந்துதான் கேட்டார் என்று காட்சிப் பதிவைப் பார்த்து ஓர் ஆங்கில நாளிதழ் எழுதியது. அமளியில் ஈடுபட்டவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஒழுங்கு குலைந்தால் ஒத்திவைத்துவிட்டு எண்ணலாம். எண்ணாமல் விட்டது திரும்பி வராது. அந்தச் சட்டங்கள் ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் விவசாயிகளை உட்கார வைத்து, 2021 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் ரத்தாயின. அவைக்குள் எண்ணாததைச் சாலையில் எண்ண வேண்டியதாயிற்று.

அமெரிக்க அரசமைப்பின்படி வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயர்வாரிப் பதிவு கட்டாயம். நம் அவையில் அதைவிடக் குறைந்த எண்ணிக்கை போதும் என்று வைக்கலாம். பொத்தானை அழுத்தினால் திரையில் தெரியும் வசதி இருக்கும்போது குரலின் உரத்தை வைத்துச் சட்டம் இயற்றுவது பழக்கதோஷம்.

தீர்ப்பு

எடைபோட்டு முடித்த நிலையில் என் வரிசை இது. இடைநீக்கமும் சதவீதக் கணக்கும் விவாதத்தைப் பயனுள்ளதாக்காது. முதலாவதை அரிதாக வைத்திருக்கலாம், இரண்டாவதைக் கைவிட வேண்டும். கூடுதல் நாளும், 267க்கு எண்ணிக்கை வரம்பும், குழுவும் தேவை. ஆனால் அவை துணை மருந்துகள். குழுவும் அவையும் தள்ளிய ஒவ்வொரு முக்கியத் திருத்தத்துக்கும் ஏன் தள்ளினோம் என்று அமைச்சர் எழுத்தில் காரணம் தர வேண்டும் என்ற விதியைச் சேர்த்தால் அவற்றின் வீரியம் கூடும். மூல மருந்து இரட்டை மருந்து: மேலவையில் கொறடாவைத் தளர்த்துவது, டிவிஷனைக் கட்டாயமாக்குவது. ஒன்றை மட்டும் கொடுத்தால் கெடுதல். பதிவில்லாத சுதந்திரம் பேரத்துக்கு வழி. சுதந்திரமில்லாத பதிவு வெறும் வருகைப் பதிவேடு.

இதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டுமே, கொறடாவைத் தளர்த்தும் மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போடுவார்களே என்று சிரிக்கலாம். சிரிப்பு நியாயம்தான். ஆனால் தொடங்குவதற்குத் திருத்தம் தேவையில்லை. கட்சி உத்தரவு பிறப்பித்தால்தான் அதை மீறுவது குற்றம். மீறியதைக் கட்சி 15 நாளில் மன்னித்தால் அதுவும் குற்றமில்லை. எந்த மசோதாவுக்கு உத்தரவு போடுவது, எதற்கு விடுவது என்பது இன்றைக்கே கட்சித் தலைமையின் கையில் இருக்கிறது. மாநில உரிமை பேசும் கட்சிகள், மாநிலங்களின் பெயரால் அமைந்த அவையில் தங்கள் உறுப்பினர்களை ஒரு கூட்டத்தொடருக்காவது அவிழ்த்துவிட்டுப் பார்க்கலாம். டெல்லியிடம் கேட்பதற்கு முன் சென்னையில் செய்யக்கூடியது இது.

அவைக்குறிப்பில் டிவிஷன் நடந்த நாள்களின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பட்டியல்கள் இருக்கும், ஆதரவு, எதிர்ப்பு என்று. தமிழ்நாட்டிலிருந்து போகும் 18 பேரின் பெயர்களையும் அங்கே தேடிப் பார்க்கலாம். 2019 டிசம்பர் 11க்கு அந்தப் பட்டியல் இருக்கிறது. 2020 செப்டம்பர் 20க்கு, ‘குறுக்கீடுகள்’ மட்டும்தான் இருக்கிறது.